இறங்காத தோள்

ஜூன் 16, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: வலித்தது.

கவியரசனின் இரண்டு உள்ளங்கைகளும் ஒரே நேரத்தில் என் தோள்களில் விழுந்தன. இடது தோள் வாங்கிக்கொண்டது. வலது தோளுக்குள் நனைந்த துணி கிழிவதுபோல ஏதோ சத்தமில்லாமல் விட்டுப்போனது. "போதுமா, இன்னும் வேணுமா?" என்றான். "இவ்வளவுதானா?" என்றேன். பையன்கள் வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

சொல்ல வழியில்லை. இந்த அடியைக் கேட்டு வாங்கியவளே நான்தான்.

சான்சின் என்று கராத்தேயில் ஒரு கட்டா, தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசை. மூன்று எட்டு முன்னே வைத்து, மூச்சை வயிற்றுக்குள் இறக்கி, உடம்பை இறுக்கி நிற்க வேண்டும். நிற்பவரின் தோளிலும் தொடையிலும் முதுகிலும் மாஸ்டர் உள்ளங்கையால் அடித்துப் பார்ப்பார், சுவரைத் தட்டிப் பார்க்கும் கொத்தனாரைப் போல. பையன்களுக்கு மட்டும்தான் இந்த அடி. பெண்கள் வரிசை வந்ததும் நாச்சிமுத்து மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பு நடக்கும் கல்யாண மண்டபத்து மின்விசிறியைப் பார்த்து, "பொம்பளப் புள்ளைங்க எல்லாம் நல்லாப் பண்றீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். ஆறு வருடமாக அந்த மின்விசிறியை அவர் என்னைவிட அதிகம் பார்த்திருக்கிறார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் மரியாதை.

இன்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். "செப்டம்பர்ல எனக்கு பிளாக் பெல்ட் டெஸ்ட்டுங்க மாஸ்டர். இதுவரைக்கும் ஒரு அடிகூட வாங்காம அத எப்படி வாங்கறது?"

"நான் எப்படிம்மா உன் மேல கை வைக்கிறது?" என்று அவர் திணறி, கவியரசனைக் காட்டினார். "டேய், நீ வேணா... பார்த்து."

கவியரசனுக்கு இருபத்துநான்கு வயது. செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறான். பார்த்து அடிக்கவில்லை.

என் பின்னால் எட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். நான் முகம் சுளித்திருந்தால் மாஸ்டர் "இதுக்குத்தாம்மா நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்திருப்பார். அந்த வாக்கியம் அதன் ராகத்தோடு என் காதில் ஏற்கெனவே கேட்கிறது. அது வாயைவிட்டு வந்துவிட்டால், உடுமலையில் எந்தப் பெண்ணும் இன்னும் பத்து வருடத்துக்கு அடி வாங்க மாட்டாள். பெல்ட் மட்டும் வாங்குவாள்.

ஆகவே வலிக்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

கோழித்தீவனக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் இன்று ஒன்பது மூட்டை மக்காச்சோளத்துக்கு ஈரப்பதம் பார்த்தேன். சல்லடையை இடது கையால் ஆட்டினேன். இடது கையைப் பழக்குவது மூளைக்கு நல்லது என்று எங்கோ படித்திருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

வலி போய்விட்டது.

ஜூன் 23, ஞாயிறு

அம்மாவைத் தலை பின்னிவிடச் சொன்னேன். "இருபத்தாறு வயசுல இதென்ன அம்முணி புதுசா?" என்றாள். புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன், கை ஒழியவில்லை என்றேன். புத்தகம் மடியில் மூடிக் கிடந்ததை அவள் கவனித்திருக்க மாட்டாள். அம்மாவுக்குக் கவனம் குறைவு.

ஜூலை 7, ஞாயிறு

இன்று வகுப்பில் ஒரு நகைச்சுவைக் காட்சி சேர்ந்திருக்கிறது. பெயர் துளசிமணி. நாற்பது வயது. மஞ்சள் பெல்ட் வாங்கிய மகளுக்காக இத்தனை நாளும் மண்டப வாசலில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தவர், சும்மா உட்கார்ந்து சலித்துப்போனதால் தானும் சேர்ந்துவிட்டார். அவர் அளவுக்கு உடுப்பு கிடைக்கவில்லையாம். சுடிதார்மேல் வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். குத்து விடும்போது கத்த வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும்.

வேலை, பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டுவது. காலையில் ஐந்து வீடு. காலை நீட்டி உட்கார்ந்து, எண்ணெய் தேய்த்து, மூக்கு எடுத்துவிட்டு, சாம்பிராணி போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீடு.

பிரவுன் பெல்ட்காரர்களுக்கு இன்று டென்ஷோ நடந்தது. சான்சினின் மறுபக்கம் அது. அதே மூன்று எட்டு, அதே மூச்சு. ஆனால் கை விரிந்து, மணிக்கட்டு சுழன்று, தண்ணீரை ஒதுக்குவதுபோலப் போகும். இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் பாணி என்பார்கள். அதன் ஜப்பானியப் பெயருக்கே கடினமும் மென்மையும் என்றுதான் அர்த்தமாம். எனக்கு டென்ஷோ பிடிக்காது. நாட்டிய வகுப்பில் இடம் கிடைக்காதவர்கள் செய்வதுபோல இருக்கும்.

மாஸ்டர் என் கையைப் பார்த்து, "மரக்கட்டையாட்டம் இருக்குதும்மா" என்றார். பிறகு கடைசி வரிசையைக் கண்டு நின்றுவிட்டார். அங்கே அந்தம்மா, யாரும் சொல்லித்தராமலே, எங்களைப் பார்த்துக் கையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"நிறைமதி, அந்தம்மா கையப் பாரு. புடிக்கிற மாதிரியும் இருக்குது, விடற மாதிரியும் இருக்குது. எங்கீங்க கத்துக்கிட்டீங்க?"

"ஏனுங் மாஸ்டர், எண்ணெ போட்ட புள்ளைய வேற எப்படிங்க புடிக்கிறது? இறுக்கிப் புடிச்சா வீறிடும். லேசாப் புடிச்சா வழுக்கீரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறு வருடம் ஒரு பக்கம், இருபது நிமிடம் இன்னொரு பக்கம். சிரிக்காமல் என்ன செய்வது?

ஜூலை 21, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபத்துச் சாப்பாட்டு ஹால் தினமும் எங்களுக்குத்தான். சாம்பார் வாசனை மட்டும் போகவில்லை.

கராத்தே சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. இனி சான்சின் தேர்வில் பெண்களுக்கும் அடி உண்டு. ஆனால் அடிப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும். மாஸ்டர் முகத்தில் பரீட்சை ரத்தான மாணவனின் நிம்மதி. அங்கேயே ஏற்பாடு செய்துவிட்டார்: தேர்வுக்குப் போகும் சிறுமிகளை நான் அடிக்க வேண்டும். என்னை அடிக்க வகுப்பில் வயதுவந்த பெண் ஒருவர்தான் இருக்கிறார்.

"நானுங்களா?" என்று துளசிமணி வாயைப் பொத்திச் சிரித்தார்.

வெள்ளை பெல்ட் ஒன்று பிரவுன் பெல்ட்டைச் சோதிக்கப்போகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எனக்கு எப்போதோ பிளாக் பெல்ட் கொடுத்திருக்க வேண்டும்.

சிறுமிகளில் தேர்வுக்குப் போவது தன்சிகா. பதின்மூன்று வயது, பச்சை பெல்ட். ஜூன் மாதம் நான் அடி வாங்கியதிலிருந்து என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். "அக்கா, கவி அண்ணன் உங்கள அடிச்ச மாதிரியே என்னய அடிக்கோணும். மெதுவா அடிச்சீங்கன்னா அப்பறம் உங்ககூடப் பேசமாட்டேன்."

ஜூலை 28, ஞாயிறு

துளசிமணி முதல்முறையாக என்னை அடித்தார்.

அடிப்பதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் என் தோள்மேல் சும்மா வைத்தார். வலது கை அங்கேயே நின்றது. விரல்கள் மெதுவாக ஓர் அங்குலம் நகர்ந்தன. பிறகு என் காதருகே, "கண்ணு, இது எப்ப இருந்து?" என்றார்.

"எது?"

"செரி" என்றார்.

இடது தோளில் விழுந்தது அசல் அடி. கண்ணில் நீர் வந்துவிட்டது. குழந்தை குளிப்பாட்டும் கைக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வலது தோளில் விழுந்த அடியின் சத்தம் சமையற்கட்டுவரை கேட்டிருக்கும். ஆனால் எடை இல்லை. உள்ளங்கையைக் குவித்து அடித்திருக்கிறார். பால் குடித்த குழந்தைக்கு ஏப்பம் வர முதுகில் தட்டுவார்களே, அப்படி.

பையன்கள், "அம்மாடியோவ்" என்றார்கள். மாஸ்டர், "பிரமாதம்" என்றார், சத்தத்தை வைத்து. அவர் பார்த்தது மின்விசிறியை.

இப்படிச் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. தடுக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தீவன உருண்டைகளைப் பெட்டிக்குள் போட்டுப் பத்து நிமிடம் சுழற்றிவிட்டு, சல்லடையில் சலித்து, உடையாமல் எவ்வளவு மிஞ்சியது என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. ரொம்பக் கெட்டியாக இருந்தால் குஞ்சு கொத்தாது. ரொம்ப மிருதுவாக இருந்தால் லாரியிலேயே தூளாகிவிடும். இதைக் கராத்தேயோடு சேர்த்து யோசித்தால் நான் வார மலருக்குத் துணுக்கு எழுதுகிறவள் ஆகிவிடுவேன். யோசிக்கவில்லை. தூள் அளவு ஏழு சதவீதம். லாரி போகலாம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இப்போதெல்லாம் இடது பக்கமாகத்தான் படுக்கிறேன். ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வகுப்பு முடிந்து மண்டபப் படியில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையால் நாடா கட்டுவது சுலபம் இல்லை. துளசிமணி வந்து, ஒன்றும் கேட்காமல் குனிந்து கட்டிவிட்டார்.

"நானே கட்டிக்குவேன்."

"கட்டிக்குவ. மத்தியானம் வரைக்கும் கட்டுவ." இன்னொரு ஷூவையும் இழுத்துக்கொண்டார். "ஆசுபத்திரிக்குப் போனியா?"

"டெஸ்ட் முடியட்டும்."

"டெஸ்ட்டுல என்னையத்தான அடிக்கச் சொல்லுவாங்க? அன்னைக்கும் ஏப்ப அடிதான் அடிக்கோணுமா?"

அவரே அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்.

"யார்கிட்டயும் ஏன் சொல்லல நீங்க?"

"நீயே சொல்லல. நான் யாரு சொல்றதுக்கு?" படியில் உட்கார்ந்தார். "மொதப் புள்ள பெத்தவளுக இப்படித்தான் கண்ணு. மாமியாக்காரி பக்கத்துல நின்னா, வலிக்குதான்னு கேட்டா இல்லீங்கம்பாளுக. அந்தம்மா அக்கட்டால போனதுக்கப்பறம் அழுவாளுக. உனக்கு இங்க யாரு மாமியா? மாஸ்டரா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். பெரிய தத்துவம் என்று நினைப்பு. எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கம் தாண்டியிருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஷூவைக் கழற்றவில்லை. நன்றாகக் கட்டியிருந்தார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஆவணி. மண்டபத்தில் கல்யாணம் என்பதால் வகுப்பு பின்பக்க வண்டி நிறுத்தும் கொட்டகையில். ஒரு பக்கம் நாதஸ்வரம், ஒரு பக்கம் எங்கள் கத்தல். பெற்றோர் சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். பிள்ளைகள் செய்வதை நேரில் பார்க்க இவர்களுக்கு என்னதான் தடை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தன்சிகாவின் அம்மா தான் எடுத்த வீடியோவைக் காட்டினார். "எப்படிங்க இருக்குது?"

பெண்கள் வரிசை சான்சின் நிற்கிறது. முதலில், செல்போனைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் பின்னாலிருந்த கொட்டகைத் தூண் நேராக இருந்தது. எட்டுப் பேருக்கும் வலது தோள் காதைத் தொடுவதுபோல ஏறியிருந்தது. எட்டுப் பேரும் வலது முழங்கையை விலாவோடு ஒட்டியிருந்தார்கள். தன்சிகாவின் தோள்தான் எல்லோரையும்விட உயரம். வரிசைக்கு முன்னால் நான். என்னுடையது அதைவிட உயரம்.

மாஸ்டரும் படத்தில் இருந்தார். பையன் ஒருவனின் தோளை இரண்டு கையாலும் அழுத்தி, "எறக்குடா, எறக்குடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதுகு எங்கள் பக்கம்.

மூன்று முறை பார்த்தேன். "நல்லா வந்திருக்குதுங்க" என்று சொல்லிச் செல்போனைக் கொடுத்துவிட்டேன்.

பிறகு தன்சிகாவைத் தனியாகக் கூப்பிட்டு, "தோள எறக்கு" என்றேன்.

"நீங்க மட்டும் தூக்கி வைக்கறீங்க?"

"அது என் ஸ்டைல்."

"அப்ப எனக்கும் அதே ஸ்டைல்தானுங்க்கா."

ஆகஸ்ட் 26, திங்கள்

பழைய படங்களைத் தேடினேன். போன வருடம் மகளிர் தினத்துக்கு ஓடு உடைத்துக் காட்டியபோது எடுத்தது ஒன்று. (மகளிர் தினத்துக்கும் ஓட்டுக்கும் என்ன விரோதம் என்று யாராவது சொன்னால் தேவலை.) அதில் சான்சினும் இருக்கிறது. அப்போது எனக்கு வலி கிடையாது. ஆனாலும் இரண்டு தோள்களும் ஏறியிருக்கின்றன. எல்லாத் தசையையும் எல்லா நொடியும் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அதுதான் கடினம் என்று நினைத்திருக்கிறேன். ஏறி நிற்கும் தோளில் அடி விழுந்தால் அது தாங்காது, கிழியும். இறங்கிய தோளில் விழுந்தால் முதுகு வாங்கிக்கொள்ளும். "எறக்கு" என்ற அந்த ஒரு சொல்லை ஆறு வருடமாகப் பையன்கள் வரிசைக்குச் சொன்னது எனக்கும் கேட்டிருக்கிறது. எனக்கு இல்லை என்று நினைத்திருக்கிறேன்.

கவியரசனைத் திட்டுவதில் ஒரு வசதி இருந்தது. அதுவும் போயிற்று.

செப்டம்பர் 5, வியாழன்

கண்ணாடி முன் நின்று தோளை இறக்கிப் பார்த்தேன். இறங்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

நாளை ஒத்திகை. தன்சிகாவை அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். குவித்த கையால் அடிக்கலாம், துளசிமணி அக்கா செய்வதுபோல. அவளுக்கும் ஒன்றும் ஆகாது, என் பெல்ட்டுக்கும் ஒன்றும் ஆகாது. அடுத்த முறை வேறு யாராவது நிஜமாக அடிக்கும்வரை.

இதைப் படிக்கும்போது நல்ல யோசனையாகத்தான் இருக்கிறது. எழுதியவளைத்தான் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

மண்டபத்தில் மறுபடி கல்யாணம். மறுபடி கொட்டகை. மாஸ்டர், "பொண்ணுங்க, சான்சின்" என்று சொல்லிவிட்டுத் தூணைப் பார்த்துக்கொண்டார். கொட்டகையில் மின்விசிறி கிடையாது.

தன்சிகா மூன்று எட்டு வைத்து நின்றாள். கண் சிமிட்டவில்லை. வலது தோள் காதருகே. நான் அவள் பின்னால் போய் நின்று இடது கையைத் தூக்கினேன். வலது கை மார்புக்கு மேல் வரவில்லை. அது எனக்குத் தெரிந்ததுதான். ஒரு கையால் சமாளிக்கலாம் என்றுதான் வந்திருந்தேன்.

பின்னாலிருந்து பார்க்கும்போது அந்தத் தோள் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

தூக்கிய கையை விரித்து அவள் தோள்மேல் வைத்தேன். அழுத்தவில்லை. "எறக்கு" என்றேன்.

"அடிங்க்கா."

"எறக்கு. என்னயப் பார்த்து நிக்காத. எனக்கு அடிபட்டிருக்குது. மூணு மாசமா. அதனாலதான் என் தோள் அப்படி நிக்குது. அது ஸ்டைல் இல்ல."

தவில் மட்டும் கேட்டது. கவியரசன் எழுந்து வந்தான். "அன்னைக்கு நான் அடிச்சதுங்களா?"

"உன் அடிக்கு அவ்வளவு பெருமை குடுக்காத. போய் உட்காரு."

மாஸ்டர் தூணிலிருந்து திரும்பினார். "பாத்தியாம்மா? இதுக்குத்தாம்மா நான் அப்பவே சொன்னேன், பொம்பளப் புள்ளைங்களுக்கு..."

அதே வாக்கியம். ராகம்கூட மாறவில்லை. மூன்று மாதம் இதற்காகவா பயந்துகொண்டிருந்தேன் என்று சிரிப்பு வந்தது.

"தப்பு அடிச்சதுல இல்லீங்க மாஸ்டர். நான் தோளத் தூக்கிட்டு நின்னேன். ஆறு வருஷமா அப்படித்தான் நிக்கிறேன். பசங்க எவனாவது அப்படி நின்னிருந்தா மொத வாரமே அழுத்தி எறக்கியிருப்பீங்க. சான்சின்ல எங்க பக்கம் நீங்க திரும்பினதே இல்ல. இப்பப் பாருங்க, எட்டு பேரும் நிக்கறாங்க. என்னய மாதிரியே."

பெற்றோர் செல்போன்களை இறக்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தார். அப்படி ஒருவர் எங்கும் இருப்பார்.

மாஸ்டர் வந்தார். பெண்கள் வரிசையின் ஓரத்தில் நின்று முதல் பெண்ணின் தோளைப் பார்த்தார். "எறக்கு" என்றார். தொடவில்லை, பார்த்தார். அது இறங்கியது. அடுத்தவள். "எறக்கு." எட்டுப் பேருக்கும். தன்சிகாவுக்கு மட்டும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

கடைசியில் என் முன் நின்றார். வியர்த்திருந்தது. "உன்னோடத எறக்க முடியாதில்ல?"

"முடியாதுங்க மாஸ்டர். வலிக்குது."

துளசிமணி அக்கா என் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "நட, ஆட்டோ நிக்குது" என்றார். எப்போது கூப்பிட்டார் என்று தெரியவில்லை. மகளைத் தன்சிகாவின் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தார். ஆட்டோவில் வேகத்தடை வந்தபோதெல்லாம் என் முழங்கைக்கு அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டார். இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அதைப் பற்றி ஏதாவது இளக்காரமாக எழுதலாம் என்று பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

தசைநார் பாதி கிழிந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. ஆறு மாதம் வகுப்பு கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தேர்வுக்குப் போனேன், சுவரோரம் நாற்காலியில் உட்கார. கை, கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாக் பெல்ட் கவியரசனின் தம்பிக்குக் கிடைத்தது. அவனுடைய டென்ஷோ என்னுடையதைவிட மோசம்.

துளசிமணி அக்கா மஞ்சள் பெல்ட்டுக்குத் தேறவில்லை. கத்த வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டார்.

தன்சிகாவை அடித்ததும் அவர்தான். உள்ளங்கையைக் குவிக்கவில்லை. தன்சிகாவின் இரண்டு தோள்களும் இறங்கியே இருந்தன. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "வலிச்சுதா?" என்று கேட்டார். எல்லோர் முன்னாலும் அவள், "வலிச்சுதுங்க" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். பிரவுன் பெல்ட் கொடுத்தார்.